பிளாஸ்டிக் ரோஜாவும் எண்ணூர் ஹைரோடு தூசியும்: வாசகர் கேள்வி-பதில்

செயற்கைப் பூ வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன மாதம் ஒரு ஓரத்தில் போட்டிருந்தோம். ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும், பெரும்பாலும் நம்ம வடசென்னைப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. பாதிப் பேர் பெயர் போடாதீர்கள் என்று எழுதியிருந்ததால் (மாமியார் படிப்பாராம்) எல்லாருக்கும் ஊர் பெயர் மட்டும்.

கேள்வி: கடையில் தொங்கும்போது அள்ளிக்கொண்டு போகலாம் போல இருந்தது. பாரிமுனையில் பேரம் பேசி ஆறு கொத்து வாங்கி வந்து ஜாடியில் வைத்தால் கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர் 'பொண்ணு மாப்பிள்ளை எப்ப வருவாங்க' என்று கேலி செய்கிறார். என்ன தப்பு பண்ணினேன்?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

ஆறு கொத்து வாங்கினதுதான் முதல் தப்பு. ஒரு ஜாடிக்கு ஒன்றரைக் கொத்து தாராளம். மீதியைப் பையில் கட்டிப் பரணில் போடுங்கள், ஆறு மாதம் கழித்து எடுத்தால் புதுசு வாங்கின மாதிரி இருக்கும்.

இரண்டாவது, வந்ததை வந்தபடியே சொருகியிருப்பீர்கள். இந்தப் பூவெல்லாம் பெட்டிக்குள் நசுக்கி அடுக்கித்தான் வருகிறது, அதனால் எல்லாத் தலையும் ஒரே உயரத்தில் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, ஸ்கூல் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி நிற்கும். எந்தச் செடியில் அப்படிப் பூக்கிறது? கொத்தை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்காருங்கள். காம்புக்குள்ளே கம்பி இருக்கிறது, எப்படி வளைத்தாலும் அப்படியே நிற்கும். ஒன்றைப் பக்கவாட்டில் திருப்புங்கள், ஒன்றைக் கொஞ்சம் தலை குனிய வையுங்கள், ஒன்றின் இதழை உள்பக்கம் மடக்கி அரை மொட்டாக்குங்கள். இதழ் கசங்கியிருந்தால் இட்லிப் பானையைத் திறந்து அந்த ஆவியில் நாலைந்து விநாடி காட்டி, விரலால் நீவி விட்டால் சுருக்கம் போய்விடும். இது துணிப் பூவுக்கு மட்டும். கடைக்காரர் 'சில்க்' என்று சொன்னாலும் அது பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், ஆவிக்குக் கட்டுப்படும். முழு பிளாஸ்டிக் பூவைக் காட்டினால் இதழ் துவண்டு போகும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

அப்புறம் உயரம். வாங்கின நீளத்தை வெட்டக் கூடாது என்று யார் சொன்னார்கள்? ஜாடி 8 அங்குலம் என்றால் அதற்கு மேலே தெரிகிற பூ 12 அங்குலம் போதும், அதாவது ஒன்றரை மடங்கு. ஜப்பான்காரர்களின் பூ அலங்காரக் கலையான இகெபானாவில் இதற்கு ஒரு கணக்கே உண்டு, மூன்றே மூன்று காம்பு: பெரியது ஷின், அதில் முக்கால் உயரம் சோயே, சோயேயில் முக்கால் ஹிகாயே. மூன்றும் மூன்று திசையில் சாய்ந்து நிற்கும். பெயரெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆனால் உயரம் ஒன்றுக்கொன்று மாறவேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் இலை. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இலையைச் சுற்றிலும் சொருகி, ஜாடி வாயை மறைத்துக்கொண்டு, நடுவில் பெரிய பூ மூன்றோ ஐந்தோ வைத்து, கடைசியில் சின்னப் பூவை இடைவெளியில் போடுங்கள். இடைவெளி முழுவதையும் அடைத்துவிடாதீர்கள். காற்று போகிற மாதிரி இருந்தால்தான் பூ, இல்லாவிட்டால் பூ வடிவத்தில் ஒரு பந்து. நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். அந்த மின்னுகிற ஜிகினாத்தூள் தூவின பூ ஏதாவது ஆறு கொத்தில் இருந்தால் அதைப் பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எந்தப் பூ வாங்கினால் நிஜம் மாதிரி இருக்கும்?
– வாசகர், பெரம்பூர்

நமக்கு நன்றாகத் தெரியாத பூவாக வாங்குங்கள். ரோஜாவையும் சாமந்தியையும் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், கண் உடனே கண்டுபிடித்துவிடும். மல்லிகை அதைவிட மோசம். சரத்தைப் பார்த்த உடனே கை தானாக எடுத்து மூக்கிடம் கொண்டுபோகும், வாசனை இல்லை என்றதும் ஏமாந்த மாதிரி ஆகிவிடும். ஆந்தூரியம், ஆர்க்கிட் இரண்டும் நிஜத்திலேயே மெழுகு பூசின மாதிரி பளபளவென்று இருப்பவை, அதனால் பொய்ப் பூவும் தப்பித்துக்கொள்கிறது. இலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கொஞ்சம் வெளுத்து நரம்பு தெரிந்தால் நல்ல வேலை. இரண்டு பக்கமும் ஒரே பச்சை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: வீடு கடலுக்கு ரொம்பக் கிட்டே. வெள்ளைப் பீங்கான் ஜாடியில் பூ வைத்திருந்தேன். இரண்டு மழை போனதும் அடியில் எல்லாம் பழுப்பாக வடிந்திருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. பூ சாயம் போகிறதா?
– வாசகி, காசிமேடு

சாயம் இல்லை, துரு. நான் மேலே சொன்ன அந்தக் கம்பி இரும்பு. பச்சை பிளாஸ்டிக் உறை இருக்கிற வரைக்கும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நாம் நறுக்கின இடத்தில் கம்பி வெளியே தெரியும், உங்கள் பக்கத்து உப்புக் காற்று அதற்குள் புகுந்தால் கேட்கவே வேண்டாம், ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று. துருப் பிடித்து ஊதி, உறையைப் பிளந்துகொண்டு மேலே ஏறும்.

காம்பைக் கத்தரிக்கோலால் கடித்துக் கடித்து வெட்டாமல் கட்டிங் பிளேயரால் ஒரே அழுத்தாக வெட்டுங்கள். வெட்டின முனையில் க்ளூ கன் பசை ஒரு சொட்டு வைத்து மூடுங்கள். க்ளூ கன் இல்லையா, பழைய நெயில் பாலிஷ் இரண்டு கோட். அதுவும் இல்லையா, மெழுகுவத்தியை உருக்கி முனையை முக்கி எடுங்கள். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒவ்வொரு காம்புக்கும் செய்ய வேண்டும், ஒன்றை விட்டாலும் அந்த ஒன்று ஜாடியைக் கெடுக்கும்.

இன்னொன்று கேட்கிறேன், ஜாடி சாயாமல் இருக்க உள்ளே என்ன போட்டீர்கள்? கடற்கரை மணலாக இருந்தால் அதுதான் வில்லன். அந்த மணலில் உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பி முனை ராத்திரி பகலாக அதிலேயே நிற்கும். மணலைக் கொட்டிவிட்டு, கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பொடி ஜல்லி போடுங்கள், இல்லாவிட்டால் தெர்மாகோல் துண்டை ஜாடி அளவுக்கு வெட்டி இறுக்கிச் சொருகி, அடியில் கனத்துக்கு இரண்டு கல் வையுங்கள். கடையில் பச்சை நிற ஃபோம் கட்டி கொடுப்பார்கள், அது நிஜப் பூவுக்கு, தண்ணீர் குடிக்கிற ஜாதி. நமக்கு வேண்டியது சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். ஜாடிக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்துத் தடவி அரை மணி ஊறவிட்டுத் தேயுங்கள், துருக் கறை அமிலத்துக்குத்தான் கரையும், சோப்புக்கு அசையாது.

கேள்வி: கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் நிஜப் பூ மாதிரி தெரியுமே?
– வாசகர், கொருக்குப்பேட்டை

தெரியும். டெங்கு கொசுவுக்கும் தெரியும். அது தேங்கின நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும், நிஜப் பூ என்றால் வாடினதும் தண்ணீரைக் கொட்டுவீர்கள், இதை யார் கொட்டப் போகிறார்கள்? வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீடு ஹைரோட்டை ஒட்டி, நாள் முழுக்க கன்டெய்னர் லாரி. பத்து நாளில் பூவெல்லாம் சாம்பல் பூத்துவிடுகிறது. எப்படிக் கழுவுவது? உப்புப் போட்டுக் குலுக்கினால் போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.
– வாசகி, திருவொற்றியூர்

இந்த ஒரு கேள்வியே பதினொரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. மணலிக்காரர் ஒருவர் 'பூ வைப்பதா துடைப்பதா, எது பொழுதுபோக்கு?' என்று கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

முதலில் என் கதை. கல்யாணமான புதுசில் ஒரு பெரிய சிவப்பு ரோஜாக் கொத்து, கூடவே வெள்ளையில் சின்னப் பூ. துணிப் பூ. தூசி ஏறிப்போச்சு என்று பக்கெட்டில் சர்ஃப் கரைத்து மொத்தமாக முக்கிவிட்டு, தண்ணி லாரி சத்தம் கேட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் பக்கெட்டில் ரோஸ்மில்க். வெள்ளைப் பூவெல்லாம் ரோஸ், சிவப்பு ரோஜா கீரைத்தண்டு நிறத்தில், இதழை ஒட்டியிருந்த பசை கரைந்து ரோஜா தனியாக, காம்பு தனியாக மிதக்கிறது. அடர் சிவப்பு, ஊதா, கருநீலம் இந்த மூன்றும் தண்ணீரைக் கண்டால் கொட்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே துணிப் பூவை ஊறவைக்கவே கூடாது. அடியில் தெரியாத ஒரு இதழை ஈரப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள், பஞ்சில் நிறம் ஏறினால் அந்தக் கொத்துக்குத் தண்ணீரே ஆகாது, வாட்டர்கலர் பிரஷ்ஷோ புது பெயிண்ட் பிரஷ்ஷோ வைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்ட வேண்டியதுதான். பாப்பாவுக்கு ஹேர் டிரையர் இருந்தால் சூடில்லாத காற்றில் வைத்து மொட்டை மாடியில் ஊதுங்கள், ஹாலில் ஊதினால் அந்தத் தூசி சோபாவுக்குப் போகும். நிறம் ஏறவில்லை என்றால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் இதழ் இதழாகத் துடைத்துத் தலைகீழாகக் கட்டி நிழலில் காயவிடுங்கள். முழு பிளாஸ்டிக் பூவுக்கு இந்த நாசூக்கெல்லாம் வேண்டாம். ஷாம்பு கரைத்த தண்ணீரில் அலசி உதறினால் போதும், காம்பு முனை மட்டும் நனையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

உப்பு விஷயம் பொய்யில்லை. பையில் கல் உப்பையும் பூவையும் போட்டு வாயைக் கட்டிக் குலுக்கினால் உப்பு தூசியை உரசி எடுத்துவிடும். ஆனால் உதிராமல் இடுக்கில் நிற்கிற பொடி உப்பு நம்ம ஊர் ஈரத்தில் கசிந்து கம்பிக்குப் போகும், மேலே காசிமேட்டு வாசகிக்கு வந்த வியாதி உங்களுக்கும் வரும். உப்புக்குப் பதில் ஒரு பிடி ரேஷன் அரிசி போட்டுக் குலுக்குங்கள், அதே வேலை நடக்கும். அந்த அரிசியைச் சமைக்காதீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தூசி அதிகமான வீட்டுக்கு நான் சொல்கிற வழி வேறு. இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஜாடியில், ஒன்று கட்டின பையில் பரணில். தீபாவளிக்கு ஒன்று, தமிழ்ப் புத்தாண்டுக்கு ஒன்று. மாற்றும்போது மட்டும் சுத்தம் செய்யுங்கள், மற்ற நாளில் வாரம் ஒரு தட்டு. அடுக்கு அடுக்காக இதழ் இருக்கிற பூவைத் தவிர்த்து வழவழப்பான பெரிய இலை, ஆந்தூரியம் என்று போனால் ஒரு துடைப்பில் முடியும்.

கேள்வி: எங்கள் கல்யாண போட்டோவுக்கு ஒரு வளைவாக செயற்கைப் பூ வைத்து அலங்கரித்தேன். மாமியார் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அழகாகத்தானே வைத்தேன்?
– வாசகி, தண்டையார்பேட்டை

அம்மா தாயே! வளைவாக என்றால், மேலே இரண்டு மூலையிலும் மாட்டி நடுவில் தொங்கவிட்டீர்களா? அப்படியென்றால் உயிரோடு இருக்கிற மகனின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள். உங்கள் மாமியார் சாப்பிடாததோடு விட்டாரே. நம்ம வீடுகளில் சுவரில் மாட்டின படத்துக்கு மேலே மாலை விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அது பிளாஸ்டிக்கா நிஜமா என்றெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள். உடனே எடுத்துவிடுங்கள். ஆசை இருந்தால் ஃபிரேமுக்கு வெளியே, கீழ் மூலை ஒன்றில் மட்டும் இரண்டு இலை, ஒரு பூ சாய்வாக ஒட்டலாம், படத்தின் மேல் எதுவும் விழக் கூடாது. அதையும் மாமியாரையே கூட்டிவந்து 'எங்கே வைக்கலாம் அத்தை' என்று கேட்டு வையுங்கள்.

இதே கடிதத்துக்குப் பக்கத்தில் புளியந்தோப்பிலிருந்து ஒருவர், இறந்துபோன அப்பா படத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் மாலை பழுப்பேறிவிட்டது, மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக மாற்றுங்கள். சீவின மரத்தில் செய்த சந்தன மாலை போடுங்கள், அதில் தூசி அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: பூஜை அறையில் செயற்கைப் பூ வைக்கலாமா? முழம் பூ விலை கட்டுப்படியாகவில்லை.
– வாசகி, வியாசர்பாடி

சாமி கோபித்துக்கொள்வாரா என்பதற்கு நான் ஆளில்லை. என் வீட்டில் நிலைக்குத் தோரணம் செயற்கை, சாமி படத்துக்கு நிஜம், அது ஒரு செம்பருத்தியாக இருந்தாலும் சரி. எனக்குக் கவலை விளக்குதான். பாலியெஸ்டர் இதழில் தீப்பட்டால் எரிவதோடு உருகிச் சொட்டும், கீழே பட்டுத்துணி, பேப்பர் எல்லாம் இருக்கும். விளக்குக்கும் ஊதுவத்திக்கும் மேலேயோ பக்கத்திலேயோ ஒரு இதழ்கூட வேண்டாம். கட்டுப்படியான பூ வேண்டுமென்றால் வாடாமல்லி வாங்கித் தலைகீழாக நிழலில் கட்டி உலர்த்துங்கள், மாதக்கணக்கில் அதே ஊதா நிறத்தோடு நிற்கும். பெயரிலேயே உத்தரவாதம் இருக்கிறது.

கேள்வி: ஹவுசிங் போர்டு வீடு. ஹாலே பத்துக்குப் பத்து. வாடகைக்கு இருப்பதால் ஆணி அடிக்க விடமாட்டார்கள். ஜாடி எங்கே வைப்பது?
– வாசகர், ஆர்.கே. நகர்

தரையிலும் டீப்பாயிலும் வேண்டாம், குழந்தை இருந்தால் இரண்டு நாள் தாங்காது. பிரிட்ஜ் மேலேயும் வேண்டாம், அங்கே ஏற்கெனவே மருந்துச் சீட்டு, இ.பி. கார்டு, சாவி எல்லாம் இருக்கும், பூவும் சேர்ந்தால் குப்பை மாதிரிதான் தெரியும். உங்கள் வீட்டு வாசலில் நின்று பாருங்கள், கதவைத் திறந்ததும் கண் எங்கே போகிறதோ அந்த ஒரு இடம் போதும். பெரும்பாலும் அது டி.வி. பக்கத்து மூலையாக இருக்கும். ஜன்னல் கம்பி இருந்தால் ஆணியே தேவையில்லை. சின்ன மூங்கில் கூடையைக் கட்டி, தொங்குகிற கொடி இரண்டு, பூ மூன்று. ஆனால் மேற்குப் பார்த்த ஜன்னலில் கட்டினால் சிவப்பும் ஊதாவும் ஒரே கோடையில் வெளுத்துவிடும். அங்கே பச்சையும் வெள்ளையும் மட்டும்.

கேள்வி: நானே செய்து விற்கலாம் என்று ஆசை. சாட்டின் ரிப்பன் ரோஜா நன்றாக வரும். வருமானம் இருக்குமா?
– வாசகி, எண்ணூர்

ஜாடிப் பூ செய்து விற்றால் பாரிமுனை மொத்தக் கடை விலையோடு மோதவேண்டும், ஜெயிக்க முடியாது. அங்கே டஜன் கணக்கில் வருகிறது, நீங்கள் ஒரு ரோஜாவுக்கு இருபது நிமிஷம் உட்காருவீர்கள். அங்கே கிடைக்காததைச் செய்யுங்கள்: புடவை நிறத்துக்குத் தோதாக வளைகாப்புக்கு ஜடை அலங்காரம், சீர்த்தட்டுக்கு ஓரப் பூ, ஆரத்தித் தட்டு. ஆர்டர் கொடுக்கிறவரைப் புடவைத் துணித் துண்டை அனுப்பச் சொல்லுங்கள், ரிப்பனை வைத்துப் பார்த்து வாங்குங்கள். கூலியை நேரக் கணக்கில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொந்தக்காரர்களுக்கும்தான், அவர்களுக்கு முதலில்.

நெட்டி கிடைத்தால் அதையும் பழகிப் பாருங்கள். ஏரி, குளத்தில் வளர்கிற செடியின் தண்டு, தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று தெர்மாகோல் மாதிரி லேசாக இருக்கும். தஞ்சாவூரில் அதில் கோயில் கோபுரமே செய்கிறார்கள், அந்த நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மெல்லிய தகடாகச் சீவிச் சுருட்டினால் ரோஜா இதழ் வரும். அந்த வெள்ளை எந்த பாலியெஸ்டரிலும் வராது.

கேள்வி: நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறையில் செயற்கைப் பூ வளையம் வைக்கலாம் என்று இருக்கிறேன், நாள்பட இருக்குமே.
– வாசகி, ராயபுரம்

இருக்கும், அதுதான் சங்கடம். வடகிழக்குப் பருவமழை நேரம் அது, ஒரு மழை, ஒரு காற்று போதும், வளையம் புரண்டு நிறம் வழிந்து கிடக்கும். அடுத்த முறை போகும்போது அம்மா கல்லறையில் அதைப் பார்க்க உங்களுக்கே மனசு கேட்காது. அன்றைக்கு நிஜ சாமந்தி ஒரு முழம் வையுங்கள். வீட்டில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை செயற்கைக் கொத்து.

கேள்வி: நிறம் போன பூவை என்ன செய்வது? போகியில் எரித்துவிடலாமா?
– வாசகர், மூலக்கடை

எரிக்காதீர்கள். பிளாஸ்டிக்கும் பாலியெஸ்டரும் கம்பியும் சேர்ந்த சாமான், அந்தப் புகையை உங்கள் தெருதான் மூச்சில் இழுக்கும். போகிப் புகையால் மீனம்பாக்கத்தில் விமானம் தாமதமான வருஷமெல்லாம் உண்டு. பூவை மட்டும் பிடுங்கிவிட்டு இலையை வைத்துக்கொள்ளுங்கள், இலை பூவைவிட இரண்டு மடங்கு உழைக்கும், அடுத்த கொத்துக்கு ஆகும். கம்பியைத் தனியாக உருவி பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள், மிச்சத்தை மக்காத குப்பையில். நான் போன தடவை அப்படிப் பிரிக்கும்போது பக்கத்து வீட்டுப் பையன் வெளுத்த ரோஜாத் தலை பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான், அவன் சைக்கிள் சக்கரக் கம்பியில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.